ஹாலுக்கு எந்த கன்ட்ரோல் சிஸ்டம்: க்ரெஸ்ட்ரான், எக்ஸ்ட்ரான், க்யூ-சிஸ், இல்ல கம்பேனியனே போதுமா?

நம்ம சிங்கப்பூர்ல கோயில் மண்டபம், சங்கத்து ஹால், ஸ்கூல் ஆடிட்டோரியம்னு எது ரெனவேஷன் பண்ணாலும் ஏவி (ஆடியோ-வீடியோ) வேலைக்கு மூணு கோட்டேஷன் வரும். எல்லாத்தையும் ஒரே இடத்துலேர்ந்து இயக்கற கன்ட்ரோல் சிஸ்டம்ங்கற வரில ஒண்ணுல க்ரெஸ்ட்ரான்னு இருக்கும், இன்னொண்ணுல எக்ஸ்ட்ரான், மூணாவதுல க்யூ-சிஸ், கமிட்டில உக்காந்திருக்கிற அண்ணன்மாருக்கு இது மூணுக்கும் என்ன வித்தியாசம்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால கடைசிப் பக்கத்துல ஜிஎஸ்டி 9 சதவீதம் சேர்த்து எவ்வளவு வருதுன்னு மட்டும் பாத்துட்டு குறைஞ்சதுக்குக் கையெழுத்துப் போட்டுடுவாங்க. நடுவுல ஒரு தம்பி எந்திரிச்சு, "அண்ணே இதெல்லாம் எதுக்கு, ஒரு ராஸ்பெரி பையில கம்பேனியன் போட்டா முடிஞ்சுது"ம்பார், அதாவது உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்ல ஒரு இலவச கன்ட்ரோல் சாஃப்ட்வேர். அவர் சொல்றது பாதி சரி. எந்தப் பாதின்னு தெரியாமத்தான் எல்லாரும் முழிக்கிறோம்.

நான் இந்தத் தொழில்ல கேபிள் இழுக்கிறதுலேர்ந்து ப்ரோக்ராம் எழுதுறது வரைக்கும் பண்ணியிருக்கேன், எந்த பிராண்டையும் விக்கல, அதனால கமிஷன் பயம் இல்லாம படிக்கலாம்.

கணக்குக்கு ஒரு ஹால வெச்சுக்குவோம். ஒரு 300 பேர் உக்காரலாம், மேடை இருக்கு, ஒரு லேசர் ப்ரொஜெக்டர், பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு டிவி, தூரத்துலேர்ந்தே திருப்பி ஜூம் பண்ணக்கூடிய ரெண்டு பிடிஸெட் கேமரா, வயர்லெஸ் மைக், டிஜிட்டல் மிக்ஸர், மேடை லைட்டு, யூடியூப் லைவ். ஒரு வாரம் கல்யாணம், அடுத்த வாரம் பட்டிமன்றம், அதுக்கடுத்து ஒரு பொண்ணோட அரங்கேற்றம், நடுவுல வார நாள்ல டியூஷன், யோகா கிளாஸ். ஆபரேட்டர்னு சம்பளத்துக்கு ஆள் கிடையாது, வாலன்டியர் பசங்கதான். இந்த ஹால்ல கன்ட்ரோல் சிஸ்டம் செய்யவேண்டியது ரொம்ப சாதாரண விஷயம்: ஒரு பட்டன அமுக்கினா ஸ்கிரீன் இறங்கணும், ப்ரொஜெக்டர் ஆன் ஆகணும், மிக்ஸர்ல சரியான ஸீன் (சேவ் பண்ணி வெச்ச செட்டிங்) வரணும், லைட்டு மாறணும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுக்கு எவ்வளவு காசு, அதுல பின்னாடி யாரு கை வைக்க முடியும்ங்கறதுதான் கேள்வி.

பிராண்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. எல்லாரும் மூளைய, அதாவது கன்ட்ரோல் பெட்டிய, முதல்ல வாங்கறாங்க, அது சொல்றத கேக்கவேண்டிய சாமான அப்புறமா, பட்ஜெட்ல மிச்சம் இருக்கிறதுக்கு வாங்கறாங்க. நான் தலைகீழா பண்ணுவேன். ப்ரொஜெக்டர், டிவி, கேமரா, மிக்ஸர் எதுவா இருந்தாலும் அதோட கன்ட்ரோல் கமாண்ட் எல்லாம் யாரு வேணா டவுன்லோட் பண்ணிப் படிக்கிற மாதிரி கம்பெனி வெளியிட்டிருக்கான்னு முதல்ல பாருங்க. வெளியிட்டிருந்தா எந்த மூளையும் அதோட வேலை செய்யும், அஞ்சு வருஷம் கழிச்சு மூளைய மாத்தினாலும் சாமான் அப்படியே இருக்கலாம். வெளியிடலேன்னா, "எங்க ஆப்ல மட்டும்தான் வரும்"னு சொன்னா, எவ்வளவு மலிவா இருந்தாலும் வேணாம்னு சொல்லிடுங்க.

இதுல நல்ல செய்தி என்னன்னா பழசுங்க எல்லாம் இன்னும் உயிரோட இருக்கு. ஆர்எஸ்-232ங்கறது சாமானுக்குக் கேபிள்ல கமாண்ட் அனுப்ப 1960-ல வந்த ஸ்டாண்டர்டு, இன்னிக்கும் நல்ல ப்ரொஜெக்டர் எதோட பின்னாடி பாத்தாலும் அந்த ஒன்பது பின் சாக்கெட் இருக்கும், மேனுவலோட கடைசிப் பக்கங்கள்ல கமாண்ட் டேபிள் இருக்கும். நெட்வொர்க்ல பேசணும்னா பிஜேலிங்க். ஜப்பான் கம்பெனிங்க சேர்ந்து ப்ரொஜெக்டருக்குன்னே போட்ட பொது ஒப்பந்தம் இது, 4352-ங்கற போர்ட்ல கதவ தட்டி பவர் 1-னு ஒரு குட்டி வரி அனுப்பினா ஆன் ஆகும், 1-க்கு பதிலா கேள்விக்குறி போட்டா என்ன நிலைமைன்னு பதில் வரும்: 0 வந்தா தூங்குது, 1 வந்தா ஓடுது, 2 வந்தா சூடு ஆறிட்டிருக்கு, 3 வந்தா சூடாகிட்டிருக்கு. எப்சான், பானாசோனிக், சோனி எதுவா இருந்தாலும் அதே வரிதான். அந்தப் பதில் வர்றதுதான் இதுல முக்கியம். ஐஆர் ரிமோட் மாதிரி ஒட்டி வெச்ச எமிட்டர்ல சிக்னல் போகும், திரும்பி ஒண்ணும் வராது, டிவி ஆன்ல இருக்கும்போதே இன்னொரு தடவ பவர் சிக்னல் போனா ஆஃப் ஆயிடும், சிஸ்டம் பாட்டுக்கு எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கும்.

எச்டிஎம்ஐ-சிஇசியப் பத்தி கேக்காதீங்க. கேட்டாலும் சொல்றேன். எச்டிஎம்ஐ கேபிளுக்குள்ள ஒரே ஒரு கம்பில எல்லா சாமானும் பேசிக்கிறது அது, காகிதத்துல பொது ஸ்டாண்டர்டு, ஆனா சாம்சங் அத எனிநெட்-ம்பான், சோனி ப்ராவியா ஸிங்க்-ம்பான், எல்ஜி சிம்ப்ளிங்க்-ம்பான், ஒவ்வொருத்தனும் எந்தக் கமாண்ட கேப்பான் எத கேக்கமாட்டான்னு அவனவன் இஷ்டம். வீட்டுல பரவால்ல. ஹால்ல, அதுவும் தலைமை விருந்தினரா எம்பி வர்ற நாள்ல, டிவி தானா வேற இன்புட்டுக்குத் தாவினா வியர்த்துடும். முடிஞ்ச வரைக்கும் ஆஃப் பண்ணி வைங்க, லேன்லயோ ஆர்எஸ்-232லயோ பேசுங்க.

கேமராவுக்கு சோனி ஆரம்பிச்சு வெச்ச விஸ்காங்கற கமாண்ட் முறை, இப்ப வேற கம்பெனிக் கேமராவுலயும் நிறைய கேக்குது, போர்ட் நம்பர் மட்டும் மாறும். சோனி 52381. மிக்ஸர்ல யமஹாவோட டிஎஃப், க்யூஎல் மாதிரி சீரீஸ் 49280-ல பேசும், பெரிங்கர் எக்ஸ்32-னா 10023-ல ஓஎஸ்சிங்கற முறைல பேசும். லைட்டுக்கு டிஎம்எக்ஸ் 512, 1986-லேர்ந்து அதே கதைதான், ஒரு லைன்ல 512 சேனல், நெட்வொர்க்ல போகணும்னா ஆர்ட்-நெட் இல்ல எஸ்ஏசிஎன். இதெல்லாம் கோட்டேஷன்ல ஒரு வரியா எழுதி வாங்கிட்டீங்கன்னா பாதி தலைவலி போச்சு.

சரி, மூளைக்கு வருவோம்.

க்ரெஸ்ட்ரான் 1972-லேர்ந்து இருக்கிற அமெரிக்கக் கம்பெனி, பெரிய ஆபீஸு, ஹோட்டல், யுனிவர்சிட்டின்னு எங்க பாத்தாலும் இருக்கும், அதனால சிங்கப்பூர்ல க்ரெஸ்ட்ரான் தெரிஞ்ச ப்ரோக்ராமர் கிடைக்கிறது கஷ்டமில்ல. சிம்பிள்னு அவங்களோட சொந்த டூல்ல எழுதலாம், புது ப்ராசஸர்ல சி ஷார்ப்லயும் எழுதலாம், டச் பேனல் டிசைன எச்டிஎம்எல்5-லயே பண்ணலாம். ஐம்பது மீட்டிங் ரூம் இருக்கிற கட்டடத்த ஒரே இடத்துலேர்ந்து பாத்துக்கணும்னா இதுக்குப் பக்கத்துல நிக்கிறவங்க கம்மி. பெயர் தெரிஞ்சது, வேலை செய்யும், வருஷக்கணக்கா ரீஸ்டார்ட் கூட பண்ணாம ஓடுற ப்ராசஸர நானே பாத்திருக்கேன்.

ஆனா ஒரு விஷயம், இத வென்டர் அவரா சொல்லமாட்டார். க்ரெஸ்ட்ரான் ப்ராசஸர்ல ஏத்தறது கம்பைல் பண்ண ஃபைல், அதாவது மெஷினுக்கு மட்டும் புரியற மாதிரி மாத்தினது. அதுலேர்ந்து சோர்ஸ, அதாவது ப்ரோக்ராமர் கையால எழுதினத, திரும்ப எடுக்க முடியாது. சோர்ஸ் ஃபைல் எழுதினவரோட லேப்டாப்ல இருக்கும், அவர் கம்பெனி மாறிட்டார்னா, இல்ல கம்பெனியே மூடிட்டாங்கன்னா, ஒரு பட்டன் பெயர "தீபாவளி"லேர்ந்து "பொங்கல்"னு மாத்தணும்னாலும் முதல்லேர்ந்து எழுதணும். வீடு வாங்கிட்டு சாவிய பில்டர்கிட்டயே விட்டுட்டு வர்ற மாதிரி. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹால்ல இதே கதை நடந்துச்சு, புது டிவி மாட்டினாங்க, பழைய டிவியோட கமாண்ட் ப்ரோக்ராமுக்குள்ள பூட்டிக்கிடக்கு, சோர்ஸ் யார்கிட்டயும் இல்ல, கடைசில டிவிய ரிமோட்ல ஆன் பண்ணிக்கிட்டு மத்ததுக்கு மட்டும் டச் பேனல் யூஸ் பண்றாங்க, இன்னிக்கும் அப்படித்தான். அதனால க்ரெஸ்ட்ரான் எடுக்கிறதா இருந்தா, கான்ட்ராக்ட்லயே சோர்ஸ் ஃபைல், டச் பேனல் ஃபைல், பாஸ்வேர்ட் எல்லாம் கடைசி பேமென்ட்டுக்கு முன்னாடி கைக்கு வரணும்னு எழுதுங்க. சில வென்டர் முணுமுணுப்பாங்க, "அது எங்க சொத்து"ம்பாங்க. பேசி முடிங்க, முடியலேன்னா அடுத்த கோட்டேஷன எடுங்க. ஏஎம்எக்ஸ்ங்கற இன்னொரு கன்ட்ரோல் பிராண்டுக்கும் இதே விதிதான். ஹார்மன் அத 2014-ல வாங்கினாங்க, ஹார்மன சாம்சங் 2017-ல வாங்கிடுச்சு, நெட்லிங்க்ஸ்ங்கற பழைய ப்ரோக்ராம் மொழி போக இப்ப ம்யூஸ்னு புது கன்ட்ரோலர்ல பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் ஓடுது, நல்லாவே இருக்கு, ஆனா புதுசா ஒரு சின்ன ஹாலுக்கு அத தேடிப் போகணும்னு எனக்குத் தோணல.

எக்ஸ்ட்ரான் வேற குணம். கலிஃபோர்னியா அனஹைம்ல தலைமையகம், 1983-ல ஆரம்பிச்சது, சிங்கப்பூர்லயே ஆபீஸும் ட்ரெய்னிங்கும் இருக்கு, அது சின்ன விஷயமில்ல, போன் போட்டா நம்ம நேரத்துக்கு ஆள் எடுப்பாங்க. குளோபல் கான்ஃபிகரேட்டர்னு ஒரு சாஃப்ட்வேர், அதுல கோடு எழுதத் தேவையில்ல, ப்ரொஜெக்டர் மாடல லிஸ்ட்ல தேடி எடுத்து, பட்டனுக்கு இது, டைமருக்கு இதுன்னு கட்டிக்கலாம், டிரைவர் லிஸ்ட் ரொம்பப் பெருசு, அவங்களே எழுதி டெஸ்ட் பண்ணிப் போடறாங்க. கொஞ்சம் பெரிய லாஜிக் வேணும்னா ப்ரொஃபெஷனல் மோடு, அதுக்கு சர்ட்டிஃபிகேட் வேணும். அதுக்கும் மேல போகணும்னா பைத்தான்ல எழுதலாம்.

எக்ஸ்ட்ரான்ல எனக்குப் பிடிச்சது டச் ஸ்கிரீனே இல்லாத பட்டன் பேனல். சுவத்துல எட்டு பட்டன், ஒவ்வொண்ணுலயும் எழுத்து, அமுக்கினா லைட்டு எரியும். யோகா கிளாஸுக்கு வர்ற அக்கா யாரையும் கூப்பிடாம பாட்டு போட்டுக்கலாம். டச் ஸ்கிரீன் டெமோல பளபளன்னு இருக்கும், ரெண்டு வருஷத்துல யாராவது "கோயில் லோகோ பெருசா வேணும்"னு ஆரம்பிப்பாங்க. குறைன்னா, ஆடியோ டிஎஸ்பி (சத்தத்த சரி பண்ற ப்ராசஸர்) தனி, கன்ட்ரோல் தனி, வீடியோ ஸ்விட்சர் தனின்னு பெட்டி கூடிக்கிட்டே போகும், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி லாஜிக் மாறுற இடத்துல கான்ஃபிகரேட்டர் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

இனி க்யூ-சிஸ், கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா நம்ம மாதிரி ஹாலுக்கு இதுதான் ரொம்பப் பக்கத்துல வருது, அதே சமயம் இதுல இருக்கிற குழியையும் யாரும் காட்டறதில்ல. க்யூஎஸ்சின்னு ஸ்பீக்கர், ஆம்ப் பண்ற கம்பெனியோட சாமான் இது, 2025 ஜனவரில அக்யூட்டிங்கற லைட்டிங் கம்பெனி வாங்கிடுச்சு. கோர்னு ஒரு பெட்டி, உள்ள இன்டெல் ப்ராசஸரும் லினக்ஸும்தான், அந்த ஒரே பெட்டி ஆடியோ டிஎஸ்பியாவும் இருக்கும், கன்ட்ரோலாவும் இருக்கும், அவங்க கேமராவும் வீடியோ பெட்டியும் வாங்கினா அதையும் அதுவே பாத்துக்கும். டிசைனர் சாஃப்ட்வேர் இலவசம், யாரு வேணா இறக்கி வீட்டுலயே எமுலேட் பண்ணிப் பாக்கலாம், பிளாக்க இழுத்துப் போட்டு வயர் கட்டணும், தேவைப்பட்ட இடத்துல லூவாங்கற ப்ரோக்ராம் மொழில நாலு வரி. ஆன்லைன் ட்ரெய்னிங்கும் இலவசம். ஒரு பாலிடெக்னிக் பையன் ஒரு லாங் வீக்கெண்ட்ல ஆரம்ப லெவல முடிச்சுடுவான்.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் பெருசு: ஓடிக்கிட்டிருக்கிற டிசைன கோர்லேர்ந்தே திரும்ப லேப்டாப்புக்கு இழுத்துக்கலாம். எழுதினவர் காணாம போனாலும் பெட்டிக்குள்ளேயே சோர்ஸ் இருக்கு. கோருக்கு பாஸ்வேர்ட் போட்டு அத உங்ககிட்ட குடுக்காம போயிட்டா மட்டும்தான் பிரச்சனை, அதனால பாஸ்வேர்ட கேட்டு வாங்குங்க. பூட்டின ப்ளக்-இன் சிலது உள்ள பாக்க முடியாது, அது வேற.

இப்ப குழி. ஒண்ணு, எல்லாம் ஒரே பெட்டில இருக்கிறதால அந்தப் பெட்டி போனா மைக்கும் போச்சு, ப்ரொஜெக்டர் கன்ட்ரோலும் போச்சு. ரெடண்டன்ட்டா இன்னொரு கோர் வெக்கலாம், ஆனா அதே மாடல் இன்னொண்ணு வாங்கணும், சின்ன ஹாலுக்கு அது கட்டுப்படியாகாது, அதனால மிக்ஸர்லேர்ந்து ஆம்புக்கு நேரா ஒரு அனலாக் கேபிள் தயாரா கிடக்கணும். ரெண்டு, டிசைன்ல ஏதாவது மாத்தி கோருக்கு அனுப்பினா ஆடியோ கொஞ்ச நேரம் நின்னுட்டு வரும், அதாவது பட்டிமன்றம் நடந்துக்கிட்டிருக்கும்போது பட்டன் பெயர மாத்தலாமேன்னு கை வெச்சா நடுவர் பேசறது பாதில நிக்கும். மூணு, டிசைனர் வெர்ஷனும் கோர் ஃபர்ம்வேரும் ஒண்ணா இருக்கணும். வாலன்டியர் பையன் புது வெர்ஷன போட்டுட்டு கனெக்ட் பண்ணப் பாத்தா ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணவான்னு கேக்கும், சனிக்கிழமை சாயங்காலம் அதுக்கு ஆமான்னு சொல்லக்கூடாது. அப்புறம் லைசன்ஸ்: ஸ்க்ரிப்டிங்குக்கும் டச் ஸ்கிரீனுக்கும் தனியா காசு உண்டா, கூடவே வருதான்னு கோர் மாடலைப் பொறுத்து மாறும், கோட்டேஷன்ல தனி வரியா எழுதச் சொல்லுங்க.

கம்பேனியன். இத எழுதினது பிட்ஃபோகஸ்ங்கற நார்வே ஆளுங்க, ஓப்பன் சோர்ஸ், இலவசம். எல்காட்டோ ஸ்ட்ரீம் டெக்னு பதினஞ்சு பட்டன் இருக்கிற பெட்டி, அத ராஸ்பெரி பையிலயோ பழைய பிசியிலயோ சொருகினா போதும், பட்டனுக்கு மேல குட்டி ஸ்கிரீன், அதுல பட்டன் பெயர எழுதிக்கலாம். பிஜேலிங்க், விஸ்கா, யமஹா, எக்ஸ்32, ப்ளாக்மேஜிக் ஸ்விட்சர், லைவ் ஸ்ட்ரீம் சாஃப்ட்வேரான ஓபிஎஸ்னு நூத்துக்கணக்குல மாட்யூல், எல்லாம் வாலன்டியர்ங்க எழுதினது. லைவ் ஸ்ட்ரீம் பண்ற பசங்களுக்கு இதுக்கு நிகர் எதுவும் கிடையாது, க்ரெஸ்ட்ரான் ப்ரோக்ராமர் ஒரு வாரம் கேக்கிற மாற்றத்த நம்ம பசங்க கோப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பண்ணிடுவாங்க. முழு செட்டிங்கையும் ஒரே ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பிக்கலாம்.

அப்ப ஏன் எல்லா ஹாலுக்கும் இதையே போடக்கூடாது? பெட்டியினால இல்ல, ஆளாலதான். செட் பண்ண தம்பி ரிசர்விஸ்ட் போயிட்டா, இல்ல வெளிநாட்டுல படிக்கப் போயிட்டா, அடுத்த தம்பி வந்து அவர் ஸ்டைல்ல கலைச்சுப் போடுவார். மாட்யூல் அப்டேட் ஆகி ஏதாவது நின்னா போன் பண்ணிக் கேக்க நம்பர் கிடையாது. பாதுகாப்பும் கம்மி, அதே நெட்வொர்க்ல இருக்கிற யாரும் ப்ரவுஸர்ல அந்த பட்டனத் தொறந்து அமுக்கலாம், விருந்தினர் வைஃபையும் ஏவி நெட்வொர்க்கும் ஒண்ணா இருந்தா பின் வரிசைல உக்காந்திருக்கிற வாண்டு ப்ரொஜெக்டர ஆஃப் பண்ணிட்டுப் போயிடும். ராஸ்பெரி பையோட எஸ்டி கார்டு மெயின் ட்ரிப் ஆகும்போது கெட்டுப்போறதும் சகஜம், நம்ம ஊரு இடி மின்னலுக்குச் சொல்லவேண்டியதில்ல. பின்பக்கம் மினி பிசி வெச்சு யுபிஎஸ்ஸும் வெச்சா கொஞ்சம் நிம்மதி.

ஃபயர் அலாரம்னு ஒண்ணு இருக்கு, அத மறந்துடாதீங்க. அலாரம் அடிச்சா பாட்டு நிக்கணும், அந்த இணைப்பு ட்ரை கான்டாக்ட்ல (வெறும் சுவிட்ச் மாதிரி ரெண்டு கம்பி) ஆம்புக்கோ டிஎஸ்பிக்கோ நேரா போகணும், கம்பேனியன் வழியாவோ டச் பேனல் ப்ரோக்ராம் வழியாவோ போகக்கூடாது. இத யாராவது "சாஃப்ட்வேர்ல பண்ணிக்கலாம்"னு சொன்னா அவரோட மத்த பேச்சையும் சந்தேகப்படலாம்.

வீடியோவும் ஆடியோவும் நெட்வொர்க்ல போறதுல இன்னொரு வலை இருக்கு. ஆடியோல நிலைமை தேவலாம்: சிட்னில இருக்கிற ஆடினேட் கம்பெனியோட டான்டேங்கற நெட்வொர்க் ஆடியோ முறை யமஹா, ஷூர், க்யூ-சிஸ் எல்லாத்துலயும் வருது, ஒரு லேன் கேபிள்ல மேடைலேர்ந்து கன்ட்ரோல் ரூம் வரைக்கும் போயிடும். ஓப்பன் ஸ்டாண்டர்டான ஏஇஎஸ்67 2013-ல வந்துச்சு, டான்டே சாமான் நிறைய அந்த மோடுக்கு மாறிப் பேசும், ஆனா முழுசா இல்ல, 48 கிலோஹெர்ட்ஸ் மட்டும், மல்டிகாஸ்ட் மட்டும், அதுவும் ரெண்டுக்கும் க்ளாக் முறையே வேற, டான்டே பழைய பிடிபி, ஏஇஎஸ்67 புது பிடிபி. டேட்டா ஷீட்ல "கம்பாட்டிபிள்"னு ஒரு டிக் இருக்கும், அந்த டிக்குக்குப் பின்னாடி ஒரு ராத்திரி வேலை ஒளிஞ்சிருக்கும். ஹால் அளவுல எல்லாமே டான்டேன்னு முடிவு பண்ணிட்டுப் போறதுதான் நிம்மதி. நெட்வொர்க் ஸ்விட்ச்ல ஈஈஈன்னு கரண்டு மிச்சம் பிடிக்கிற வசதி ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணச் சொல்லுங்க, டான்டேக்கு அது ஆகாது, டிக் டிக்னு சத்தம் வரும், ஸ்பீக்கர மாத்துவாங்க, மைக்க மாத்துவாங்க, யாரும் ஸ்விட்ச்ச பாக்கமாட்டாங்க.

வீடியோல அப்படி ஒத்துமை இல்ல. க்ரெஸ்ட்ரான் என்விஎக்ஸ் பெட்டி அனுப்பறத எக்ஸ்ட்ரான் நாவ் பெட்டி வாங்காது, எக்ஸ்ட்ரான் அனுப்பறத க்யூ-சிஸ் பெட்டி வாங்காது, மூணும் நல்ல சாமான், மூணும் ஒண்ணோட ஒண்ணு பேசாது. ஒரு தடவ ஒரு பிராண்ட் எடுத்துட்டீங்கன்னா அடுத்த டிவிக்கும் அதே பிராண்ட் டிகோடர்தான், விலைய அவங்கதான் சொல்லுவாங்க. பல கம்பெனி சாமான் ஒண்ணா வேலை செய்யற எஸ்டிவிஓஇ இருக்கு, அதுக்கு 10 கிகாபிட் ஸ்விட்ச் வேணும். ஒளிபரப்புக்காரங்களோட எஸ்டி 2110-லேர்ந்து ஐபிஎம்எக்ஸ்னு ஒரு ஓப்பன் ஸ்டாண்டர்டு வந்துக்கிட்டிருக்கு, அத நம்பி இன்னிக்கு ஹால் கட்ட நான் தயாரில்ல. என்டிஐங்கற நெட்வொர்க் வீடியோ முறை லைவ் ஸ்ட்ரீமுக்கு அருமை, சாதா கிகாபிட் நெட்வொர்க்கே போதும், ஆனா அதுல எச்டிசிபி, அதாவது காப்பி எடுக்க முடியாதபடி பூட்டின வீடியோ, போகாது, யாராவது நெட்ஃபிளிக்ஸ் போட்டு பசங்களுக்குப் படம் காட்டணும்னா அந்த வழில வராது.

எச்டிசிபிய சொன்னதும் ஞாபகம் வருது, இத எழுதாம விட்டா தூக்கம் வராது. மேக்புக்க சொருகினா, எதிர்ல இருக்கிற சாமான் எச்டிசிபி தெரியும்னு சொன்ன உடனே, மேக் எல்லாத்தையுமே பூட்டி அனுப்பும், வெறும் பவர்பாயின்ட்டா இருந்தாலும். ப்ரொஜெக்டர்ல படம் தெரியும், ரெக்கார்டர்லயும் லைவ்லயும் கறுப்பு. பேச வந்தவர் மேக்புக்கோட வர்ற எல்லா நிகழ்ச்சியிலயும் இந்தக் கூத்து. நல்ல ஸ்விட்சர்ல இன்புட் ஒவ்வொண்ணுக்கும் எச்டிசிபிய ஆஃப் பண்ற வசதி இருக்கும், அத ஆஃப் பண்ணிட்டா மேக் சாதாவா அனுப்பும். மலிவு ஸ்விட்சர்ல அந்த வசதியே இருக்காது. கோட்டேஷன்ல ரெண்டாயிரம் வெள்ளி வித்தியாசம் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா சில சமயம் இங்கேர்ந்துதான்.

நம்ம 300 பேர் ஹாலுக்கு வீடியோவ நெட்வொர்க்ல போடவே தேவையில்லன்னு நான் சொல்லுவேன். மூணு ஸ்கிரீன், நாலஞ்சு இன்புட், எந்த இன்புட்டையும் எந்த ஸ்கிரீனுக்கும் அனுப்பற ஒரு மேட்ரிக்ஸ் ஸ்விட்சர், எச்டிபேஸ்டி போதும். எச்டிபேஸ்டி 2010-லேர்ந்து இருக்கிற விஷயம், ஒரு நெட்வொர்க் கேபிள்ல 100 மீட்டர் வரைக்கும் படம், சத்தம், ஆர்எஸ்-232 எல்லாம் சேர்ந்து போகும், பிராண்ட் மாறினாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆர்ஜே45 சாக்கெட் ஒரே மாதிரி இருக்கேன்னு அத நெட்வொர்க் ஸ்விட்ச்ல சொருகிடக்கூடாது, அது லேன் கிடையாது, சாக்கெட்டுக்கு மேல சிவப்பு டேப் ஒட்டி வெச்சுடுங்க.

இப்ப முடிவு. இந்த ஹாலுக்கு என் ஓட்டு க்யூ-சிஸ் சின்ன கோர் ஒண்ணு, டான்டே மிக்ஸர், எச்டிபேஸ்டி மேட்ரிக்ஸ், பிஜேலிங்க் பேசற ப்ரொஜெக்டர், நுழைவாயில் பக்கம் நாலு பட்டன் இருக்கிற சாதா பேனல், கன்ட்ரோல் ரூம்ல மட்டும் டச் ஸ்கிரீன். லைவ் ஸ்ட்ரீம் டீமுக்குத் தனியா கம்பேனியன், ஆனா அது கேமராவையும் ஓபிஎஸ்ஸையும் மட்டும் தொடணும், ப்ரொஜெக்டரையும் மெயின் ஸ்பீக்கரையும் தொடக்கூடாது. அவங்க எவ்வளவு விளையாடினாலும் ஹாலுக்குள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, யூடியூப்ல பாக்கிற பாட்டிக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

சங்கத்துல சாஃப்ட்வேர் பக்கம் ஆர்வம் இருக்கிற ஆளே இல்ல, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கூட எதையும் மாத்தமாட்டோம்னா எக்ஸ்ட்ரான் பட்டன் பேனலே போதும், க்யூ-சிஸ் வீண் செலவு. பள்ளிக்கூடமா இருந்து, ஆடிட்டோரியம் போக இருபது கிளாஸ்ரூமும் ஒரே மாதிரி வேணும், ஐடி டிபார்ட்மென்ட் ஒண்ணு பாத்துக்கும்னா க்ரெஸ்ட்ரானும் எக்ஸ்ட்ரானும் மோதட்டும், அங்க பராமரிப்பு ஒப்பந்தம்தான் பெரிய செலவு, அஞ்சு வருஷத்துக்குக் கூட்டிப் பாத்து எடுங்க, முதல் நாள் விலைய பாத்து எடுக்காதீங்க. பத்துக்குப் பதினஞ்சு அடி டியூஷன் ரூமுக்கு கன்ட்ரோல் சிஸ்டம் கேக்கிறவங்களுக்கு டிவி ரிமோட்டையும் ஒரு டபுள் சைடு டேப்பையும் சிபாரிசு பண்றேன்.

தம்பி சொன்ன மாதிரி கம்பேனியன் மட்டும்னு போகலாமா? வாடகைக்கு எடுத்த இடம், ரெண்டு வருஷத்துல காலி பண்ணணும், பசங்க டீம் நல்லா இருக்குன்னா தாராளமா போகலாம், தூக்கிட்டுப் போற சாமான்ல அதுக்கு மேல எதுவும் இல்ல. சொந்தக் கட்டடத்துல வேணாம்.

எத எடுத்தாலும் ஹேண்ட்ஓவர் அன்னிக்கு வென்டர நிக்க வெச்சே சில விஷயம் பண்ணிப் பாருங்க. மெயின ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, யாரும் எதையும் தொடாம எல்லாம் தானா எந்திரிக்குதான்னு பாருங்க. ப்ரொஜெக்டர ரிமோட்ல ஆஃப் பண்ணுங்க, டச் பேனல் அத கண்டுபிடிச்சு காட்டுதான்னு பாருங்க. டச் பேனலோட கேபிள பிடுங்கிட்டு மைக்ல பேசுங்க, சத்தம் வரணும். ஒரு மேக்புக், ஒரு விண்டோஸ் லேப்டாப், ஒரு போன் மூணையும் ஒண்ணு மாத்தி ஒண்ணா சொருகுங்க, ரெக்கார்டிங்கையும் ஓட்டிப் பாருங்க. அப்புறம் ஒரு பட்டன் பெயர அவர வெச்சே உங்க ஆள் லேப்டாப்ல மாத்திக் காட்டச் சொல்லுங்க, ஃபைல எங்க சேவ் பண்றாங்கன்னு பாருங்க, அத தம்ப் டிரைவ்ல ரெண்டு காப்பி எடுத்து ஒண்ண செயலாளர் அண்ணன்கிட்டயும் ஒண்ண ரேக்குக்குள்ள கவர்ல போட்டும் வைங்க, கூடவே எல்லா ஐபி அட்ரஸும் பாஸ்வேர்டும் எழுதின ஒரு பேப்பர். அந்தக் கவர் கைக்கு வந்த அப்புறம் கடைசி செக்க குடுங்க.